பட்டறையிலேயே குடியிருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. வீட்டு வாடகை, பட்டறை வாடகை என்று இரண்டையும் கட்டி மாளவில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டு, பெட்ரோலும் வெல்டிங்கும் புழங்கும் பட்டறையிலேயே தங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். ஒற்றை ஆள்தான். கழிப்பறை இருக்கிறது, குளிக்க இடமில்லை, அதைச் சமாளித்துக்கொள்வேன்.

குழப்பமெல்லாம் படுக்கையை எங்கே போடுவது என்பதில்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் படரும். அதனால் கீழே படுக்கப் பயம். சரி, பரண் கட்டி மேலே படுக்கலாமென்றால், தீப்பிடித்தால் புகை முதலில் சேர்வது அங்கேதான். தகரக் கூரையின் வெக்கை வேறு. வெளியேற ஒரே வழி முன்பக்க ஷட்டர். அதுவும் மோட்டாரில் ஓடுவது. நள்ளிரவில் கரண்ட் போனால்? பின்சுவரில் ஒரு கதவு வைத்தே ஆகவேண்டும் என்று நினைக்கிறேன்.

கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது என்பதால் அலாரம் வாங்கிவிட்டேன். ஆனால் கால்வனைஸ் (துத்தநாகம் பூசிய) தகட்டை வெல்டிங் செய்த அன்று இரவு அந்தப் புகையால் குளிர்காய்ச்சல் வந்து நடுங்கியவன் நான். அதே புகை சுற்றும் இடத்தில் தூங்குகிறவர்கள் காற்றோட்டத்துக்கு என்ன செய்திருக்கிறீர்கள்? தடுப்புச் சுவர் போதுமா, எக்ஸாஸ்ட் ஃபேனும் வேண்டுமா?

இன்னொன்று. ஒப்பந்தத்தில் 'வணிகப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்றிருக்கிறது. இன்சூரன்ஸும் அப்படித்தான். உரிமையாளரிடம் சொல்லாமல் தங்கி மாட்டிக்கொண்டவர்கள் உண்டா? பேசி எழுதி வாங்கியவர்கள் பேச்சை எப்படி ஆரம்பித்தீர்கள்?

"பேசாமல் சின்ன வீடாகப் பார்" என்பவர்களும் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.