கார்பன் ரப்பர் கயிறு: இழுத்து விட்டால் ரீடிங் பழைய இடத்துக்கு வரவில்லை, உதவி!

விரல்வித்தை:
அவசரம். கையுறை ப்ராஜெக்ட். விரலை மடக்கினால் ரப்பர் இழுபட்டு ரெசிஸ்டன்ஸ் ஏற வேண்டும், ஏறுகிறது. நீட்டினால் இறங்க மாட்டேன் என்கிறது. சில சமயம் விட்ட கணத்தில் இன்னும் ஏறுகிறது! ப்ரோக்ராம் கோடில் தப்பா?

செம்புக்கம்பி:
என்ன கயிறு? எவ்வளவு நீளம்? எவ்வளவு தூரம் இழுக்கிறீர்கள்? வோல்டேஜைப் பிரித்து அளக்கும் டிவைடரில், கயிற்றோடு சேர்த்துப் போட்ட ரெசிஸ்டர் எவ்வளவு? ப்ரோக்ராம் கோடை இங்கே போடாமல் தப்பா என்று கேட்டால் எப்படி?

மின்னி77:
முனையில் முதலை கிளிப்பா (பல் வைத்துக் கவ்வும் கிளிப்)? அப்படியானால் அதுதான் வில்லன். இழுக்கும்போது பிடி நழுவும். என்னிடம் வந்த எல்லா கேஸும் இதுதான்.

ஓம்ஐயா:
அடிப்படை படிக்காமல் சென்சார் வாங்கினால் இப்படித்தான். ரப்பர் தானாக மின்சாரம் கடத்தாது. உள்ளே கலந்த கார்பன் துகள்கள் தொட்டும் தொடாமலும் சங்கிலி போட்டிருக்கும். இழுத்தால் சங்கிலி அறும். விட்டதும் துகள்கள் மறுபடி இடம் மாறும். அந்தக் குழப்பத்தில்தான் ரீடிங் ஒருமுறை எகிறுகிறது. பிறகு மெதுவாகத்தான் இறங்கும், நிமிடக்கணக்கில் ஆகலாம். கோடுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே இருக்கும் பழைய விவாத இழைகளைத் தேடியிருக்கலாம்.

செம்புக்கம்பி:
லிங்க் கொடுத்தால் தேட வேண்டியதே இல்லையே, ஐயா.

கணக்குப்புலி:
இதற்குச் சங்கிலி எதற்கு? ரப்பரின் கனஅளவு அநேகமாக மாறாது. நீளம் 1.5 மடங்கானால் குறுக்குப்பரப்பு அதே விகிதத்தில் சுருங்கும். ரெசிஸ்டன்ஸ் 1.5 × 1.5 = 2.25 மடங்கு. முடிந்தது.

ஓம்ஐயா:
வடிவம் மட்டுமே காரணம் என்றால் விட்டவுடன் இறங்கியிருக்குமே, புலி?

மின்னி77:
இழுப்பதை விட்டுவிட்டு அமுக்குங்கள். வெலோஸ்டாட் தாள் போதும், அமுக்கினால் ரெசிஸ்டன்ஸ் குறையும்.

கணக்குப்புலி:
வெலோஸ்டாட் ரப்பரே இல்லை. கார்பன் கலந்த பாலிஎத்திலீன் தாள்.

மின்னி77:
ரப்பர் என்று நான் எங்கே சொன்னேன்?

ஓம்ஐயா:
ரப்பரை அமுக்கினால் எல்லா நேரமும் குறையும் என்று சொல்ல முடியாது. கார்பன் குறைவான கலவை பக்கவாட்டில் பிதுங்கும்போது சங்கிலி அறுந்து ஏறவும் செய்யும்.

செம்புக்கம்பி:
சண்டை அப்புறம். தம்பி, சால்டர் ரப்பரில் ஒட்டாது. முனையில் கம்பி சுற்றி கிரிம்ப் செய்யுங்கள், அதாவது உலோக முனையை நசுக்கி இறுக்குங்கள். புதுக் கயிற்றை, விரல் இழுக்கும் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பலமுறை இழுத்துப் பழக்குங்கள். முதல் சில இழுப்புகளில்தான் குணம் அதிகம் மாறும். கோணத்தை அளக்க ஆசைப்படாதீர்கள், ரீடிங் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கணக்குப்புலி:
கோணமும் அளக்கலாம், திருத்தக் கணக்கு இருக்கிறது.

ஓம்ஐயா:
எழுதிக் காட்டுங்கள், பார்ப்போம்.

விரல்வித்தை:
2 மிமீ கயிறு, கிளிப்தான் போட்டிருந்தேன். கிரிம்ப் செய்து பழக்கியதும் ஆட்டம் அடங்கியது. இறங்குவது இன்னும் மெதுவாகத்தான். மடக்கு, நீட்டு இரண்டை மட்டும் வைத்து டெமோ ஓடிவிட்டது. நன்றி.