டீசலுக்க டூ ரீ ஒயில் விடலாமோ?

கொக்குவில் வான்காரன்:
வணக்கம் அண்ணையாக்கள். என்னட்ட டொயோட்டா 5எல் எண்ட பழைய டீசல் எஞ்சின் போட்ட டொல்பின் வான் ஒண்டு நிக்குது, ஸ்கூல் ஹயர் ஓடுறது. காலமை ஸ்டார்ட் பண்ணினா டக்கு டக்கெண்டு அடிக்கும், சூடேற அடங்கீடும். ஸ்ரான்லி றோட்டில ஸ்பெயார் வாங்கப் போன இடத்தில ஒராள் சொன்னார், டீசல் அடிக்கேக்க 200க்கு 1 கணக்கில டூ ரீ ஒயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு பெற்றோலோட கலக்கிற ஒயில்) விடு, 40 லீற்றருக்கு 200 மில்லி, சத்தமும் குறையும் டீசல் பம்பும் நிண்டு பிடிக்கும் எண்டு. அப்பா விசர் வேலை பாக்காத எண்டுறார். ஆரும் விட்டுப் பாத்தனீங்களோ?

சாவகச்சேரி லொறி:
நான் பழைய லொறிக்கு விடுறனான். சத்தம் கொஞ்சம் மெத்தெண்டு இருக்கிற மாதிரித்தான் கிடக்கு, காசு குடுத்து ஊத்தினதால காதுக்கு அப்பிடிக் கேக்குதோ தெரியாது 😀

பம்ப் வேலைக்காரன்:
தம்பி, உங்கட பம்புக்கு தனி ஒயில் இல்லை, உள்ளுக்க ஓடுற டீசல்தான் அதுக்கு வழுக்கல். கந்தகத்தை எடுக்க டீசலைச் சுத்திகரிக்கேக்க வழுக்கல் குடுக்கிற சாமானும் சேந்து போயிடும், அதாலதான் இந்தக் கதையே வெளிநாட்டில கிளம்பினது. ஆனா அதுக்கு மருந்து விக்க முதலே கலந்துதான் விடுறாங்கள், ஐரோப்பாவில உராய்வுச் சோதனையில தேய்மானத் தழும்பு 460 மைக்ரோனுக்கு மேல போகக்கூடாதெண்டு தர விதியே இருக்கு. 2007ல அமெரிக்காவில டீசல்காரர் கூடிக் காசு போட்டு லாப்பில பாத்தவை, டூ ரீ ஒயில் 200க்கு 1 விட்டதில தேய்மானம் குறையேல்ல, 2 வீதம் சோயா பயோடீசல்தான் முதலாவதா வந்தது. காலமைச் சத்தத்துக்கு குளோ பிளக் (குளிர் எஞ்சினைச் சூடாக்கிறது), இன்ஜெக்டர் (டீசலைப் பீச்சிறது), பம்ப் டைமிங் (பீச்சிற நேரம்) மூண்டையும் பாருங்கோ. டீசல் பில்டருக்கு அடியில இருக்கிற தண்ணியையும் திறந்து விடுங்கோ, கனபேர் அதை மறந்தே போயிடுவினம்.

பழைய மொறிஸ்:
சண்டை நேரம், பொருளாதாரத் தடைக் காலத்தில யாழ்ப்பாணத்துக்கு டீசல் பெற்றோல் ஒண்டும் வராது, எல்லாம் மண்ணெண்ணெயிலதானே ஓடினது. மண்ணெண்ணெய் வறட்டுச் சாமான், பம்பைத் திண்டு போடும், அதுக்காக டீசல் வாகனக்காரர் கையில கிடைச்ச எண்ணெயைக் கலந்து ஓடினவை. அந்த நேரம் அது தேவை. இப்ப பெற்றோல் செட்டில நல்ல டீசல் கிடைக்கேக்க அதுக்குள்ள ஏன் ஊத்துவான்? தம்பி, அப்பா சொல்றதைக் கேளும்.

கொக்குவில் வான்காரன்:
சரி அண்ணை, குளோ பிளக்கைக் கழட்டிப் பாக்கிறன். மச்சானிட்ட கொமன் ரெயில் (கூடின அமத்தத்தில டீசல் பீச்சிற புது முறை) வான் நிக்குது, அவனும் விடப்போறன் எண்டு நிக்கிறான்.

பம்ப் வேலைக்காரன்:
மறியுங்கோ. உங்கட 5எல் எஞ்சின் கொஞ்சம் விட்டாலும் பொறுக்கும், கொமன் ரெயிலில 1000 பாருக்கு மேல அமத்தம், இன்ஜெக்டர் ஓட்டை மயிர் மாதிரி, அதில கரி பிடிச்சா செலவு தாங்கேலாது. புகைக்குழாயில டிபிஎப் (புகைக்கரியைப் பிடிக்கிற பில்டர்) இருந்தா இன்னும் மோசம், ஒயிலில இருக்கிற சாம்பல் எரிஞ்சு போகாது, அங்கயே தங்கி அடைக்கும். ஆசை விடேல்லையெண்டா கடலுக்குப் போற அவுட்போர்ட்டுக்கு விடுற ரீசி-டபிள்யூ3 (TC-W3) ஒயில் சாம்பலில்லாதது, அதையாவது உங்கட பழைய எஞ்சினுக்கு விட்டுப் பாக்கலாம், மச்சானின்ரக்கு அதுவும் வேண்டாம்.

சாவகச்சேரி லொறி:
அப்ப நான் வாங்கி வச்ச நாலு போத்தலையும் என்ன செய்யிறது? குருநகரில கடலுக்குப் போற ஆருக்கும் வேணுமெண்டா சொல்லுங்கோ, அரை விலைக்குத் தாறன்.