சூரிச்–ஹம்பேர்க் இரவு ரயில்: பாதை வேலை நடக்கிற கோடையில் நம்பி ரிக்கெற் எடுக்கலாமா?

உவர்மலைப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். வாற ஆடி மாதம் அம்மா (வயது 68), மனைவி, ஏழு வயது மகள், நான் என்று நாலு பேர் திருகோணமலையிலிருந்து ஐரோப்பா போக இருக்கிறோம். சூரிச்சில் அக்கா வீடு, ஹம்பேர்க்கில் சித்தப்பா வீடு, கடைசியில் பாரிஸ். பாரிஸிலிருந்துதான் திரும்பும் விமானம்.

சூரிச்–ஹம்பேர்க் பயணத்தை நைட்ஜெட் இரவு ரயிலில் வைக்கலாம் என்று யோசனை. அம்மா படுத்துக்கொண்டு வரலாம், ஒரு பகலும் மிச்சம். ஆனால் தளத்தில் தேதி மாற்றிப் பார்த்தால் ஒரே ரயில் ஒரு நாளைக்கு ஒரு நேரத்தில் புறப்படுகிறது. சில நாட்களில் நடுவிலுள்ள நிறுத்தங்கள் காணாமல் போகின்றன. சில நாட்களுக்கு ரயிலே காட்டவில்லை. "ஜேர்மனி முழுக்கத் தண்டவாளத்தைக் கிண்டிப் போட்டிருக்கிறாங்கள், பஸ்ஸிலை வா" என்கிறார் சித்தப்பா.

இதை எப்படி வாசித்து எந்த நாளைத் தெரிவு செய்வது? ரயில் இடையில் நின்றால் எங்களுக்கு என்ன உரிமை? பல நாள் பயணத்துக்குமான ரயில் பாஸ் வாங்குவது லாபமா?

பாலையூற்றுச் சந்தி:

தம்பி, தளம் பிழையாகக் காட்டவில்லை. அந்தந்த நாளுக்குரிய உண்மையான நேரத்தைத்தான் காட்டுகிறது. பகலில் ரயில் நெரிசல் என்பதால் பராமரிப்பு வேலைக்கு இரவில்தான் பாதையை மூடுவார்கள். பகல் ரயிலுக்கு எப்போதாவது வரும் தொல்லை இரவு ரயிலுக்கு வழமை. ஆகவே "பாதை வேலை இல்லாத இரவு" என்று தேடாதீர்கள், கிடைக்காது. "வேலையை ஏற்கனவே கணக்கில் எடுத்து நேரம் போட்ட இரவு" என்று தேடுங்கள்.

புறப்படும், சேரும் நேரத்தோடு நிற்காமல் நிறுத்தப் பட்டியல் முழுவதையும் திறந்து பாருங்கள். நீங்கள் போக நினைக்கும் நாளுக்கு முன்னும் பின்னும் மூன்று நாட்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நடுவிலே சில நிறுத்தங்கள் இல்லாமல் மொத்த நேரமும் கூடியிருந்தால் அது மாற்றுப்பாதையில் போகிறது. நிறுத்தங்கள் எல்லாம் இருந்து நேரம் மட்டும் 20, 30 நிமிடம் நீண்டிருந்தால் இரட்டைப் பாதையில் ஒன்றை மூடி, மற்றதில் இரு திசை ரயில்களையும் மாறி மாறி விடுகிறார்கள். கடைசி நிறுத்தம் வேறு நிலையமாக இருந்தால் பெரிய நிலையத்தின் மேடைகளிலோ அதன் வாசலிலோ வேலை. ரயிலே காட்டவில்லை என்றால் இரண்டில் ஒன்று: அன்று ரத்து, அல்லது நேரம் இன்னும் உறுதியாகவில்லை. ஓ.பி.பி. எனப்படும் ஒஸ்திரிய ரயில்வேதான் நைட்ஜெட்டை ஓட்டுகிறது. விற்பனை வழக்கமாக 6 மாதம் முன்னரே திறக்கும் என்றாலும், பாதை வேலையுள்ள இரவுகளை உறுதியாகும்வரை மூடியே வைத்திருப்பார்கள். அதனால் இன்று காட்டாத நாள் இரண்டு வாரம் கழித்துத் தோன்றலாம்.

மாற்றுப்பாதை ஏன் இவ்வளவு சிக்கல் என்றால், முதலில் மின்சாரம். ஜேர்மனி, ஒஸ்திரியா, சுவிஸ் மூன்றிலும் 15 கிலோவோல்ட், 16.7 ஹேர்ட்ஸ். பிரான்சின் அதிவேகப் பாதைகளிலும் அல்சாஸ் பக்கத்திலும் 25 கிலோவோல்ட், 50 ஹேர்ட்ஸ். இத்தாலியின் சாதாரணப் பாதைகளில் 3 கிலோவோல்ட் நேரோட்ட மின்சாரம். எல்லா இஞ்சினும் எல்லாவற்றிலும் ஓடாது. அடுத்தது சாரதி. அந்தப் பாதையை ஏற்கனவே பழகியவரைத்தான் ஓட்ட விடுவார்கள், நாட்டுக்கேற்ற மொழியும் தெரிய வேண்டும். உங்கள் பாதையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 12 அன்று ராஸ்டாட்டில் புதிய சுரங்கம் தோண்டும்போது மேலிருந்த தண்டவாளம் அமிழ்ந்தது. கார்ல்ஸ்றூவுக்கும் பாசலுக்கும் இடைப்பட்ட அந்தப் பிரதான பாதை அக்டோபர் 2 வரை மூடிக் கிடந்தது. பிரான்ஸ் பக்கத்தால் விட அதற்கேற்ற இஞ்சினும் பிரெஞ்சு தெரிந்த சாரதிகளும் போதவில்லை, ஸ்ருட்கார்ட் பக்க மாற்றுப்பாதையிலும் அந்நேரம் வேலை நடந்துகொண்டிருந்தது. சூரிச்சிலிருந்து பாசல் வழியாக வடக்கே போகும் எந்த ரயிலுக்கும் இந்த ரைன் பள்ளத்தாக்குப் பாதைதான் கழுத்து. நிறுத்தப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது பாசல், பிறைபேர்க், கார்ல்ஸ்றூ.

சித்தப்பா சொல்வதில் பாதி உண்மை. ஜேர்மனியில் 40க்கு மேற்பட்ட முக்கிய பாதைகளை ஒவ்வொன்றாக மாதக்கணக்கில் முழுதாக மூடிப் புதுப்பிக்கிறார்கள். பிராங்க்பேர்ட்–மன்ஹைம் பாதை, ஏறக்குறைய 70 கிலோமீற்றர், 2024 ஜூலை 15 முதல் டிசம்பர் நடுப்பகுதிவரை மூடப்பட்டது. பேர்ளின்–ஹம்பேர்க், ஏறக்குறைய 280 கிலோமீற்றர், 2025 ஆகஸ்ட் 1 இல் மூடப்பட்டது. நீண்டதூர ரயில்கள் ஸ்ரெண்டால், ஊல்சன் வழியாகச் சுற்றியதில் 45 நிமிடம் கூடியது. இந்த வகைப் பெரிய மூடல்கள் பயமுறுத்தினாலும் திட்டமிடச் சுலபமானவை. ஏழு நாளுக்கு மேல் நீண்டு போக்குவரத்தில் 30 வீதத்துக்கு மேல் பாதிக்கும் வேலைகளை 24 மாதம் முன்னரே வெளியிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. தொல்லை தருவது ஏழு நாளுக்கு உட்பட்ட சிறுவேலைகள். அவற்றை ரயில் நிறுவனங்களுக்கு 4 மாதம் முன் அறிவித்தால் போதும். அப்படியென்றால் நீங்கள் ஆறு மாதம் முன்பு ரிக்கெற் எடுக்கும்போது பார்த்த நேரம் அந்த வேலைகள் சேராத நேரம். எடுத்த பிறகு, புறப்பட நாலு மாதம் இருக்கும்போது ஒருமுறை, ஒரு மாதம் இருக்கும்போது ஒருமுறை, கடைசி வாரத்தில் இரண்டு முறை, புறப்படும் நாள் மத்தியானம் ஒருமுறை பாருங்கள். ஓ.பி.பி. செயலியோடு ஜேர்மன் ரயில்வேயான டொச் பானின் நவிகேற்றர் செயலியிலும் அதே ரயில் இலக்கத்தைப் போடுங்கள். ஜேர்மன் பகுதியின் கடைசிநேர மாற்றம் அதில் பெரும்பாலும் முந்தி வரும்.

வார இறுதி மூடல்கள் வெள்ளி இரவில் தொடங்கித் திங்கள் விடியவரை ஓடுவது வழக்கம். செவ்வாய் அல்லது புதன் இரவைப் பிடியுங்கள்.

நிலாவெளிக் காற்று:

உரிமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/782 இலக்க ஒழுங்குவிதி 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் உள்ளது. ரிக்கெற்றில் எழுதியுள்ள கடைசி நிலையத்தை 60 முதல் 119 நிமிடம் பிந்திச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 வீதம், 120 நிமிடமும் அதற்கு மேலும் என்றால் 50 வீதம். கேட்க மூன்று மாத அவகாசம். ஒன்றைக் கவனியுங்கள்: ரிக்கெற் வாங்குமுன்பே தாமதத்தை அறிவித்திருந்தால் இழப்பீடு கிடையாது. பாதை வேலைக்காக நீட்டி எழுதிய நேரத்தைப் பார்த்து வாங்கினால் அந்த நீட்டிய நேரம்தான் உங்கள் நேரம். வாங்கிய பின் மாற்றினால் நிலைமை வேறு. அதனால் வாங்கிய அன்றே நிறுத்தப் பட்டியலைப் படமெடுத்து வையுங்கள்.

ரத்தானாலோ 60 நிமிடத்துக்கு மேல் பிந்தும் என்று தெரிந்தாலோ முழுப்பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அல்லது வேறு பாதையில், வேறு நாளில் கொண்டுபோய் விடச் சொல்லலாம். இரண்டும் சேர்த்துக் கிடையாது. பணத்தைத் திரும்பப் பெற்ற நிமிடமே உங்களைச் சேர்க்கும் பொறுப்பு அவர்களிடமிருந்து போய்விடும். தளம் "பணத்தைத் திரும்பப் பெறு" என்ற பொத்தானைத்தான் பெரிதாகக் காட்டும், அவசரத்தில் அமத்தாதீர்கள். குறித்த புறப்பாட்டு நேரத்திலிருந்து 100 நிமிடத்துக்குள் மாற்றுவழி எதையும் அவர்கள் சொல்லவில்லை என்றால் நீங்களே வேறு ரயிலோ பஸ்ஸோ எடுத்து, நியாயமான செலவைக் கோரலாம். விமானமும் வாடகைக் காரும் இதில் சேராது. இரவில் நடுவழியில் நிற்க நேர்ந்தால் சாப்பாடும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. வெள்ளம், கடும் புயல் போன்ற அசாதாரண நிலைமையில் இழப்பீடு இல்லாவிட்டாலும் தங்குமிடம் மூன்று இரவுவரை உண்டு.

இவை எல்லாம் ஒரே ரிக்கெற்றுக்குள் அடங்கிய பயணத்துக்குத்தான். வேறு வேறாக வாங்கிய இரண்டு ரிக்கெற்றில் முதல் ரயில் பிந்தி இரண்டாவது தவறினால் அது உங்கள் தலையில்.

கூசெட் (ஓர் அறையில் நாலு அல்லது ஆறு பேர் படுக்கும் பெட்டி) படுக்கைக்குக் காசு கட்டியிருக்க, அன்று இருக்கைப் பெட்டி மட்டும் வந்தால் ஏறும்போதே ரயில் பணியாளரிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள். கட்டண வித்தியாசத்தைக் கேட்க அதுதான் ஆதாரம்.

உவர்மலைப் பொடியன்:

பாலையூற்று அண்ணா, நிலாவெளி அண்ணா, மிக்க நன்றி. பாஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே? அம்மாவுக்கு ஏணி ஏற ஏலாது, அதற்கு என்ன செய்வது? பாரிஸுக்கும் இரவு ரயிலே எடுத்து அடுத்த நாள் விமானம் ஏறினால் என்ன?

தம்பலகாமம்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: வேண்டாம். விமானத்துக்கு முந்தின இரவை எந்த இரவு ரயிலிலும் வைக்காதீங்கோ. பாரிஸுக்கு ஒரு முழு நாள் முந்திப் போய்ச் சேருங்கோ. ஹம்பேர்க்கிலிருந்து பிராங்க்பேர்ட் அல்லது கார்ல்ஸ்றூவில் மாறி பாரிஸ் எஸ்ட் போற பகல் ரயிலை ஒரே ரிக்கெற்றாக டொச் பானிலை எடுக்கலாம். கொலோன் வழியாகப் போற யூரோஸ்ரார் என்ற வேறு நிறுவன ரயிலுக்குத் தனியாக வாங்கினால் நிலாவெளி சொன்ன இரண்டு ரிக்கெற் பிரச்சினை வரும். பாரிஸ் எஸ்ட்டிலிருந்து லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவுக்கு நடந்தே போகலாம், அதுவும் ஒரு வசதி.

பாஸ்: இலங்கையில் வசிக்கிற உங்களுக்கு யூரெயில். இன்டர்ரெயில் ஐரோப்பாவில் வசிக்கிற ஆக்களுக்கு. குறைந்தது ஒரு மாதத்துக்குள் 4 பயண நாள். உங்களுக்குத் தேவை இரண்டு நாள்தான், லாபமில்லை. 4 முதல் 11 வயதுப் பிள்ளைக்குப் பாஸ் இலவசம், ஆனால் படுக்கைக்குத் தனிக் கட்டணம். பாஸ் இருந்தாலும் இரவு ரயிலில் எல்லாருக்கும் முன்பதிவு கட்டாயம். கோடையில் அந்த இடங்கள்தான் முதலில் முடியும்.

நாலு பேர் என்றபடியால் கூசெட் அறை ஒன்றை முழுதாக எடுங்கோ. புதிய ரயில்களில் அறைக்கு நாலு படுக்கை. பழைய பெட்டிகளில் ஆறு படுக்கை அறையையும் நாலு பேருக்கு விற்பார்கள். முழு அறை என்றால் கீழ்ப்படுக்கை அம்மாவுக்கு, எதிர்ப்பக்கக் கீழ்ப்படுக்கை மகளுக்கு. தனித்தனிப் படுக்கையாக எடுத்தால், பெட்டி மாற்றி விடுகிற அன்று இலக்கம் குழம்பி அம்மா மேல்தட்டில் போய் நிற்க வேண்டி வரலாம். தலையணை, போர்வை, காலைச் சாப்பாடு கூசெட் கட்டணத்தில் அடக்கம். காலைச் சாப்பாடு என்றால் பாணும் ஜாமும்தான். சாப்பாட்டுப் பெட்டி கிடையாது. அக்காவைப் புட்டோ இடியப்பமோ கட்டித்தரச் சொல்லுங்கோ, ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீரும். இரவு பாதையில் இரண்டு மணித்தியாலம் நின்றால் வெளியே போய் வாங்க இடமிராது.

கடைசிப் பகுதிக்குப் பஸ் போட்டால் நிலையத்தில் எஸ்.இ.வி. என்ற எழுத்துகளைத் தேடிப் போங்கோ. விமானத்துக்குக் கட்டின 30 கிலோப் பெட்டி நாலையும் அந்தப் பஸ்ஸில் ஏற்றுறது பெரும்பாடு. இரண்டு பேருக்கு ஒரு பெரிய பெட்டி, மற்றது தோள்பை. அம்மாவின் மருந்தும் கடவுச்சீட்டுகளும் கையில். ஜேர்மன் எல்லையில் பொலிஸ் இரவில் எழுப்பிப் பார்க்கலாம்.

ஹம்பேர்க் பிரதான நிலையத்துக்குப் போகாமல் ஹார்பேர்க்கில் முடிந்தால் பதற வேண்டாம். அங்கிருந்து எஸ்3, எஸ்5 நகர ரயில்கள் பிரதான நிலையத்துக்கு ஓடும்.

கன்னியா வெந்நீர்:

நான் இதில் சற்று வேறுபடுகிறேன். 68 வயது அம்மாவோடு ஏன் இந்த ஆய்வு? சூரிச்சிலிருந்து ஹம்பேர்க்குக்கு ஐ.சி.இ. என்ற ஜேர்மன் அதிவேக ரயில் பகலில் நேரடியாக இருக்கிறது, ஏழரை, எட்டு மணித்தியாலம். பகலில் நின்றாலும் அடுத்த ரயில் வரும்.

பாலையூற்றுச் சந்தி:

கன்னியா சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் இவர்களுடைய திசை நல்ல திசை. சூரிச்சில் ரத்தானால் அக்கா வீட்டில் படுத்துவிட்டு, நீங்கள் சொல்லும் அதே பகல் ரயிலுக்கு ரிக்கெற்றை மாற்றச் சொல்லலாம். அந்த இரவு யாரும் மேடையில் கிடக்கப்போவதில்லை. இரவு ரயிலுக்குள் ஒளித்து வைத்த நேரமும் இருக்கிறது: கல்லோயாவில் நம்முடைய பாதை பிரிவது போல அங்கும் சில நிலையங்களில் பெட்டிகளைக் கழற்றி வேறு ரயிலில் கொழுவ நீண்ட நேரம் நிற்பார்கள். நள்ளிரவில் 40 நிமிடம் பிந்திய ரயில் காலையில் சரியாக வருவது அப்படித்தான். மறுபக்கம், இணையும் ரயில் பிந்தினால் நேரத்துக்கு வந்ததும் காத்து நிற்கும். ஹம்பேர்க்கில் அன்று மத்தியானத்துக்கு முன் எந்த நிகழ்ச்சியையும் வைக்காதீர்கள், போதும்.

தம்பி, விசா கையில் வருமுன் பணம் திரும்பாத மலிவு ரிக்கெற்றை வாங்காதீர்கள். விண்ணப்பம் அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் போட வேண்டும், அதைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரே ஏற்பார்கள். ரிக்கெற் எடுக்கும்போது உங்கள் மின்னஞ்சலோடு இலக்கத்தை +94 சேர்த்துக் கொடுங்கள், நேரமாற்றம் அதற்குத்தான் வரும். வங்கி அட்டைக்கான ஒருமுறைக் குறியீடு இலங்கைச் சிம்முக்கு வருமென்பதால் ரோமிங் குறுஞ்செய்தியைக் கட்டுநாயக்காவுக்குப் போகுமுன் திறந்து வையுங்கள். இரவில் புது ரிக்கெற் வாங்க வேண்டி வந்தால் அந்தக் குறியீடு இல்லாமல் ஒன்றும் நடக்காது. மாற்று ஏற்பாடாக அக்காவின் சுவிஸ் அட்டை.