சுகமாகாத நோயோடு நம்பிக்கையாயிருப்பது எப்படி?

கேள்வி: பொருநைக்கரை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு 44 வயதாகிறது. நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்ததால் மூன்று ஆண்டுகளாகத் திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாள்களில், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். என் தாயாரின் சிறுநீரகம் பொருந்தவில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்து காத்திருக்கிறோம். அது எப்போது வரும், வருமா என்று யாராலும் சொல்ல முடியாது.

நோய் தெரியவந்தபோது எங்கள் சேகரத்துச் சபையார் அனைவரும் எனக்காக உபவாசித்து ஜெபித்தார்கள். நானும் சுகமாகிவிடுவேன் என்றே உறுதியாக நம்பினேன். ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கும் அழைத்துச் சென்றார்கள். விசுவாசமுள்ளவர்கள் மருந்துகளை ஒதுக்கிவைத்து அதைக் காட்டவேண்டும் என்று மேடையிலிருந்தவர் சொன்னார். நான் அப்படிச் செய்யவில்லை. மறுநாள் டயாலிசிஸுக்குப் போனேன். அதைக் கேள்விப்பட்ட ஒரு சகோதரி, "அந்த ஒரு அடி விசுவாசம் இல்லாமல் போயிற்றே" என்று மிகவும் அன்பாகவே சொன்னார். வேறொருவர், மறைவான பாவம் ஏதேனும் உண்டா என்று ஆராய்ந்து பார்க்கச் சொன்னார். நான் ஆராய்ந்து பார்த்தேன் என்பதைச் சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது. பல இரவுகள் ஆராய்ந்தேன்.

வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி இருப்பதால், உடம்பில் நீர் சேர்ந்து எனக்கு மிகவும் முடியாமல் போகும் நாள் ஞாயிற்றுக்கிழமைதான். ஆராதனையில் ஒரு சரணத்துக்குமேல் பாட மூச்சு இடங்கொடுப்பதில்லை. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின் அசன விருந்தில் எல்லோரும் பந்தியில் அமரும்போது, உப்பும் பொட்டாசியமும் கணக்கிட்டபடி நான் ஓரமாக நிற்கிறேன். சாட்சி சொல்லும் நேரத்தில் சுகம் பெற்றவர்கள் மட்டுமே எழுந்து நிற்கிறார்கள். என்னைப்போன்றவர்களுக்கு அங்கே சொல்ல என்ன இருக்கிறது?

"ஏன் எனக்கு இந்த நோய்?" என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வி தேய்ந்துவிட்டது. எல்லோரும் "நம்பிக்கையாயிருங்கள்" என்கிறார்களே, எதை நம்பி இருப்பது என்பதே என் கேள்வி. நீண்ட நாள் நோயோடு வாழ்கிறவர்களும் அவர்களைப் பராமரிக்கிறவர்களும் பதில் சொன்னால் நன்றியுள்ளவளாயிருப்பேன். அதிசயமாகச் சுகமான சாட்சிகளைத் தயவுசெய்து இப்போதைக்கு அனுப்பவேண்டாம். என்னிடம் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

பதில் 1: பழைய உபதேசியார்

அன்பு மகளே, முதலில் ஒரு பாவ அறிக்கை. நான் ஊழியத்திலிருந்த காலத்தில், நோயாளிகளின் கட்டிலருகே நின்று, "விசுவாசித்தால் சுகம்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பிறகு என் மனைவிக்குப் பார்க்கின்சன் நோய் வந்தது. 11 ஆண்டுகள் அவள் அதனோடு வாழ்ந்து மரித்தாள். அவளுக்குக் கஞ்சி ஊட்டிய அந்த ஆண்டுகளில்தான், நான் பிரசங்கித்த வேதத்தை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன்.

அப்படி வாசித்தபோது கண்ணில் பட்ட பெயர், பவுலோடு பயணம் செய்த துரோப்பீமு. பவுலின் சரீரத்திலிருந்து கொண்டுபோன உறுமால்களால் வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் 19ஆம் அதிகாரம் சொல்கிறது. அதே பவுல், தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார். அவனுக்கு விசுவாசம் போதவில்லை என்ற குற்றச்சாட்டும் அங்கே இல்லை, ஒளிந்திருந்த பாவத்தைப் பற்றிய விசாரணையும் இல்லை. தீமோத்தேயுவுக்கோ வயிற்றுக் கோளாறும் அடிக்கடி பலவீனமும் இருந்தன. அதற்கு மருந்துபோலக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளும்படி பவுல் சொல்கிறார். எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசு கூட்டிக் கொடுக்கப்பட்டபோதும், பிளவையின்மேல் அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசிதான். ஆகவே டயாலிசிஸுக்குப் போனதற்காக யாரும் உன் விசுவாசத்தை நிறுக்கவேண்டியதில்லை.

பாவத்தைப் பற்றிக் கேட்டவருக்கு யோவான் 9ஆம் அதிகாரமே பதில். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்ட கேள்வியும் அதுதான். "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று ஆண்டவர் அந்த வழக்கைத் தள்ளிவிட்டார். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் வாய்திறவாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்ததே அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் என்று நான் எண்ணுகிறேன். அதன்பின் அவர்கள் தேவனுக்காக வக்காலத்து வாங்கிப் பேசியதெல்லாம் சரியல்ல என்றும், புலம்பிய யோபு பேசியதே நிதானமானது என்றும் கடைசி அதிகாரத்தில் கர்த்தரே தீர்ப்புச் சொல்கிறார்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நம் பேச்சுத் தமிழில் நம்பிக்கை என்ற ஒரு சொல் இரண்டு சுமைகளைச் சுமக்கிறது. கடவுளை நம்புவதும் நம்பிக்கைதான், நாளைக்கு நல்லது வரும் என்று எதிர்பார்ப்பதும் நம்பிக்கைதான். நம் வேதாகமமோ "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. உன்னிடம் "நம்பிக்கையாயிரு" என்றவர்கள், விசுவாசத்தை விலையாகக் கொடுத்துச் சுகத்தை வாங்கிக்கொள் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார்கள். ரோமர் 8ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்லும் நம்பிக்கை அப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கல் அல்ல. சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது, ஆவியின் முதற்பலனைப் பெற்ற நாமும் "சரீர மீட்பு" வருவதற்குக் காத்திருந்து தவிக்கிறோம் என்கிறார். மீட்கப்படுவது ஆத்துமா மட்டும் என்று அவர் சொல்லவில்லை. டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட உன் கையும் அந்த வாக்குத்தத்தத்துக்குள் இருக்கிறது. உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் சரீரத்தில் ஆணிக் காயங்கள் அழியாமல் இருந்தன என்பதை, ஊசித் தழும்புள்ள கைகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன்.

நம் ஜில்லாவிலேயே ஒரு சாட்சி உண்டு, அது சுகமானவரின் சாட்சி அல்ல. டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931ஆம் ஆண்டு அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். அதன்பின் 1951 ஜனவரியில் மரிக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே, வலியோடு கிடந்தார். நலமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்காக எழுதியவை தமக்கு எட்டவில்லை என்று உணர்ந்து, நோயாளியாகவே இருந்துகொண்டு நோயாளிகளுக்கு எழுதினார். அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல் கிடையாது. பறவைகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டியில் "அம்மாய்" என்று மட்டும் இருக்கிறது. அங்கே போயிருந்தபோது என் மனைவி அந்தத் தொட்டியருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன ஜெபித்தாள் என்று நான் கேட்கவில்லை.

பாட முடியாத ஞாயிறுகளில் 88ஆம் சங்கீதத்தை வாசி. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை, சிநேகிதர் விலகிப்போன துயரத்தோடேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது. இதைப் போன்ற ஒரு ஜெபத்தையும் திருச்சபை தன் பாட்டுப் புத்தகத்தில் காத்து வைத்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

பதில் 2: ஐந்தாவது கட்டில்

தங்கச்சி, எனக்கு இது ஏழாவது ஆண்டு. உபதேசியார் ஐயா அளவுக்கு எனக்கு எழுத வராது. என் அனுபவம் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

ரசம், மோர், தேநீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 700 மில்லிதான் என்று எனக்கு அளவு வைத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் அந்த அளவு எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு பெரிய வெள்ளியன்று எனக்குக் காலை ஷிஃப்ட். முடித்துவிட்டு நேராக ஆலயத்துக்குப் போய், மும்மணி ஆராதனையின் பின்பாதியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாம் வார்த்தையைத் தியானித்துக்கொண்டிருந்தார்கள். "தாகமாயிருக்கிறேன்." சிறுவயது முதல் ஒவ்வோர் ஆண்டும் கேட்ட வார்த்தைதான். அதற்கு ஆத்தும தாகம் என்றும் நம் இரட்சிப்புக்கான தாகம் என்றும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அந்த விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும் தாகம் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். கடற்காளானில், அதாவது கடற்பஞ்சில், நனைத்துக் கொடுத்த காடியைத்தான் அவரும் உறிஞ்சினார். நாம் ஐஸ் துண்டை வாயில் வைத்துக்கொள்வதுபோல. அன்று அழுதேன். அழுகையிலும் கொஞ்சம் தண்ணீர் வெளியே போகுமே என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது.

எனக்கு இருக்கும் நம்பிக்கை அதுதான். சிறுநீரகம் கிடைக்குமோ கிடைக்காதோ, நான் எங்கே கிடக்கிறேனோ அங்கே அவர் முன்பே வந்து கிடந்திருக்கிறார்.

பின்குறிப்பாக ஒன்று: ஞாயிறன்று மூச்சு வாங்குவதை மருத்துவரிடம் சொல்லி, டிரை வெயிட்டை, அதாவது கூடுதல் நீர் நீங்கியபின் இருக்கவேண்டிய எடையை, மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு அதில் ஒரு கிலோ குறைத்த பிறகு இரண்டு சரணம் பாட முடிகிறது.

பதில் 3: எஸ்தரின் மகன்

சகோதரி, தாங்கள் பட்ட காயத்துக்காக வருந்துகிறேன். மருந்தை நிறுத்தச் சொல்வது பெரிய தவறு. ஆயினும், மேலே உள்ள பதில்களை வாசிக்கும்போது, சுகத்துக்காக ஜெபிப்பதையே விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாதே என்று அஞ்சுகிறேன். தன் சரீரத்தில் முள்போல் இருந்த வேதனை நீங்கும்படி பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். பதில் வந்த பிறகே நிறுத்தினார். "என் கிருபை உனக்குப்போதும்" என்பது அவர் கேட்டுப் பெற்ற பதில். கேட்காமலே தம்மைத் தேற்றிக்கொண்ட வார்த்தை அல்ல. ஆகவே கேட்டுக்கொண்டேயிருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். கேட்க முடியாமல் சோர்ந்துபோனால் நாங்கள் கேட்கிறோம். திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கிய நால்வரின் விசுவாசத்தை இயேசு கண்டார் என்றுதான் மாற்கு எழுதுகிறார்.

பதில் 4: வேளாங்கண்ணிப் பயணி

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். 19 ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். எங்கள் வழக்கம் ஒன்று உங்களுக்கு உதவக்கூடும் என்று எழுதுகிறேன். முன்பெல்லாம் "அவஸ்தைப் பூசுதல்" என்று சொல்லி, சாகும் தறுவாயில்தான் குருவானவரை அழைப்பார்கள். அவர் எண்ணெய்ச் சிமிழோடு வீட்டுக்குள் வந்தாலே உறவினர்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். அது சாகிறவர்களுக்கு மட்டுமான அருட்சாதனம் அல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவுபடுத்தியது. இப்போது அதை நோயில்பூசுதல் என்கிறோம். நோய் முற்றும்போது மறுபடியும் பெற்றுக்கொள்ளலாம். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசுவார்கள். ஆண்டுதோறும் பிப்ரவரி 11 அன்று உலக நோயாளர் நாளில், பல பங்குகளில் நோயாளிகளை முன்வரிசையில் அமர்த்தி இதைச் செய்கிறோம். சுகமானவர்களை மேடையில் ஏற்றுவதற்குப் பதிலாக, சுகமாகாதவர்களை முன்வரிசைக்குக் கொண்டுவரும் ஒரு நாள் உங்கள் சபையிலும் இருக்கலாமே. நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லும் யாக்கோபு நிருபம் 5ஆம் அதிகாரம் நம் இரு சபைகளுக்கும் பொதுவானதுதான்.

செவிலியராகச் சொல்லவேண்டியது இன்னும் இரண்டு. உபவாசம், விழா விருந்து, பயணம் என்று எந்தக் காரணத்துக்காகவும் ஒரு முறை டயாலிசிஸைக்கூடத் தவறவிடாதீர்கள். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் முன்னறிவிப்பில்லாமல் இதயத் துடிப்பு நின்றுபோகக்கூடும். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுத்தது, பல இரவுகள் பாவத்தை ஆராய்ந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தூக்கமின்மையும் குற்றவுணர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். டயாலிசிஸ் நோயாளிகளிடையே அது சாதாரணமாகக் காணப்படுவதுதான். அதற்கும் மருத்துவம் உண்டு. அதை விசுவாசக் குறைவு என்று எண்ணி மறைத்துவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. உபதேசியார் ஐயாவின் பதிலை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். துரோப்பீமு வந்த இடத்தில் அவர் நிறுத்தச் சொல்லி, வேதாகமத்தை எடுத்துச் சரிபார்த்தார். இத்தனை ஆண்டுகளில் அந்த வசனத்தை யாரும் பிரசங்கித்து நாங்கள் கேட்டதில்லை.

எஸ்தரின் மகன் அவர்களுக்கு: நான் கேட்பதை நிறுத்தவில்லை, கேட்டுக் களைத்திருக்கிறேன். எனக்குப் பதிலாகக் கேட்பதாக நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். செவிலியர் சகோதரி சொன்ன முன்வரிசை யோசனையை எங்கள் போதகர் ஐயரவர்களிடம் சொன்னேன். அடுத்த கமிட்டியில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். கமிட்டி என்றால் என்ன ஆகும் என்று நம்மில் பலருக்குத் தெரியும், இருந்தாலும் அவர் முகத்தில் யோசனை தெரிந்தது. தூக்கத்தைப் பற்றியும் டிரை வெயிட்டைப் பற்றியும் மருத்துவரிடம் பேசுவேன்.

ஐந்தாவது கட்டில் அண்ணனுக்கு: நாளை திங்கட்கிழமை, எனக்குக் காலை ஏழு மணி ஷிஃப்ட். இப்போது எடை 2.8 கிலோ கூடியிருக்கிறது, திட்டு நிச்சயம். உங்களுக்கும் அதே நேரம் என்றால், இயந்திரம் ஓடத் தொடங்கியதும் உங்களுக்காக ஒரு ஜெபம் சொல்லிவிடுகிறேன். நீங்களும் எனக்காகச் சொல்லுங்கள்.