இடது முன் காலிபர் சிக்கியதற்குக் காரணம் வெப்பமா, பராமரிப்பா?

கானாடுகாத்தான் வளவு:
வணக்கம். சுமார் 1000 கிலோ எடையுள்ள ஹேட்ச்பேக் கார் ஒன்றை, வருடத்தில் மூன்று நான்கு முறை கோவை செட்டிபாளையத்திலுள்ள கரி பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோகிறேன். மற்ற மாதங்களில் அது எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் நிற்கும். சென்ற முறை மூன்றாவது ஓட்டத்தில் பிரேக் பெடல் பாதிக்குமேல் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கழற்றியபோது, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரண்டு உராய்வுப் பட்டைகளால் (பேட்) கவ்விப் பிடிக்கும் காலிபர்களில், இடது முன் காலிபரின் தூசி ரப்பர் கை பட்டதும் வறுத்த அப்பளம்போல் நொறுங்கியது. சிவப்புப் பெயின்ட் பழுப்பேறியிருந்தது. கிளாம்ப் வைத்து அழுத்தியும் பிஸ்டன் உள்ளே போகவில்லை. உள்பக்க பேட் 3 மி.மீ., வெளிப்பக்க பேட் 8 மி.மீ. இருந்தன. வலது சக்கரத்தில் இரண்டுமே ஏறத்தாழ 6 மி.மீ. இருந்தன. புதுக் காலிபர் வாங்குமுன் காரணம் தெரிய வேண்டும்.

செக்காலை ஓட்டுநர்:
இது வெப்பத்தின் வேலைதான், அண்ணே. 1000 கிலோ வண்டியை 120 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்குக் குறைத்தால், ஒவ்வொரு முறையும் சுமார் 4 லட்சம் ஜூல் வெப்பமாக மாறுகிறது. ஒரு லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதில் பெரும்பங்கை முன்சக்கரங்கள் ஒவ்வொரு வளைவிலும் தாங்குகின்றன. குடும்பக் காருக்கென்று செய்த ஒற்றைப் பிஸ்டன் காலிபர் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? நான்கு பிஸ்டன் காலிபரும் பெரிய டிஸ்க்கும் போட்டுவிடுங்கள்.

தேவகோட்டைப் பட்டறை:
தம்பி சொல்லும் கணக்கு சரி. முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வெப்பம் மட்டுமே காரணமென்றால் வலது காலிபர் ஏன் நன்றாக இருக்கிறது? ஒற்றைப் பிஸ்டன் காலிபரில் பிஸ்டன் உள்பக்க பேடைத் தள்ளும். அதன் எதிர்விசையில் காலிபர் உடல் இரண்டு ஸ்லைடு பின்கள்மேல் நகர்ந்து வெளிப்பக்க பேடை இழுத்துவரும். அந்த ஸ்லைடு பின் சிக்கினால் உள்பக்க பேட் ஒன்றே முழு வேலையையும் செய்து, பிரேக்கை விட்ட பிறகும் உரசிக்கொண்டே தேயும். பேட் மெலிந்தால் வெப்பம் நேராகப் பிஸ்டனுக்குப் போகும். பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல், பிரேக் போடும்போது பிஸ்டனோடு சற்று முறுக்கிக்கொண்டு, விட்டதும் நேராகிப் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது. வெந்து இறுகிய சீலுக்கு அந்த மீள்தன்மை இராது. ஆகவே உரசல் கூடும், வெப்பமும் கூடும். வெப்பம் இடையில் வந்தது, தொடக்கம் ஸ்லைடு பின்தான் என்பது என் கணிப்பு.

செக்காலை ஓட்டுநர்:
ஒற்றைப் பிஸ்டனில் உள்பக்க பேட் கூடுதலாகத் தேய்வது வழக்கம்தானே, ஐயா? பெடல் இறங்கியதற்கு ஸ்லைடு பின் எப்படிக் காரணமாகும்?

தேவகோட்டைப் பட்டறை:
ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வழக்கம், ஐந்து வழக்கமல்ல. பெடலுக்கு, ஒரே ஒரு காலிபரில் பிரேக் எண்ணெய் கொதித்தாலும் போதும். ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை. ஈரம் உறிஞ்சியபின் தரம் கேட்பது 155 பாகைதான். ஐப்பசி மழை முழுவதும் கொட்டகையில் நின்ற வண்டி என்பதை மறக்க வேண்டாம். ஒரு சோதனை செய்யுங்கள்: சக்கரம் இறுகியிருக்கும்போது காலிபரின் பிளீடர் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் திருகு) திறந்து பாருங்கள். சக்கரம் இளகினால் காலிபருக்கு ஆயில் வரும் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது. இளகாவிட்டால் கோளாறு காலிபரில்தான்.

கானாடுகாத்தான் வளவு:
இன்று காலையில் பார்த்தேன். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இளகவில்லை. கீழ்ப் பின் கையாலேயே வந்தது. மேல் பின்னைச் சுத்தியலால் தட்டித்தான் எடுக்க முடிந்தது. அதன் மேல் துரு பொரிப்பொரியாக ஒட்டியிருந்தது. பின்னின் ரப்பர் உறை உப்பிப் பருத்திருந்தது. சென்ற ஆண்டு வேறொரு பட்டறையில் சாதாரண பேரிங் கிரீஸ் தடவியது நினைவுக்கு வருகிறது.

தேவகோட்டைப் பட்டறை:
பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பிரேக் ரப்பர் உப்பும். சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும். பிஸ்டனைக் காற்றழுத்தத்தால் வெளியே எடுக்கையில் எதிரே மரத்துண்டு வையுங்கள், விரலை வைக்காதீர்கள். பிஸ்டனில் குழியோ, அது நகரும் உருளையில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறலோ இருந்தால் புதுக் காலிபர். இல்லையென்றால் சீல் கிட் (புது ரப்பர்களின் தொகுப்பு) போதும். இரண்டு பக்கமும் மாற்றுங்கள்.

செக்காலை ஓட்டுநர்:
ஸ்லைடு பின் விஷயத்தில் நான் அவசரப்பட்டேன், ஐயா. ஆனால் பின்னைச் சரிசெய்துவிட்டு அதே பழக்கத்தோடு தடத்துக்குப் போனால் இந்த சீலும் வெந்துவிடும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அண்ணே, பேட் பாதி தேய்ந்ததும் தடத்துக்கு எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் சீல் பிரிக்காத டப்பாவிலிருந்து புது ஆயில் விட்டுப் பிரேக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுங்கள். கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்தியபின் பெடலில் கால் வைத்திருக்க வேண்டாம். டிஸ்க்கையும் அளந்து, அதில் பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிமனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: மெலிந்த டிஸ்க்கும் மெலிந்த பேடும் சேர்ந்தால் பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வந்து சாய்ந்து, உருளையைக் கீறிவிடும்.

கானாடுகாத்தான் வளவு:
டிஸ்க்கை நாளை அளந்து எழுதுகிறேன். பிஸ்டனில் குழி இல்லை. இரண்டு பக்கத்துக்கும் சீல் கிட் சொல்லியாயிற்று.