ஆழ்கடலுக்குச் செல்பவரும் எச்.ஐ.வி. மாத்திரையும்

கடலோரம்: தூத்தூர்ப் பகுதியிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடல் மீன்பிடிப்புக்குச் செல்லும் என் உறவினர், கரையில் மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டாலும், படகில் மற்றவர்கள் கண்டுவிடுவார்களோ என்று அஞ்சி விட்டுவிடுகிறார். அவருக்கு எவ்வாறு புரியவைப்பது?

ஆலோசகர்: “தினமும் சாப்பிடுங்கள்” என்று சொல்வது வெறும் அறிவுரை. இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்தால் வைரஸ் மீண்டும் பெருகும், மருந்துக்குக் கட்டுப்படாத வகையும் உருவாகக்கூடும் என்பதை விளக்கியபின், அதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவையுங்கள், “புரிந்ததா?” என்று கேட்டால் யாரும் தலையாட்டத்தான் செய்வார்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை என்றால் நாளுக்கு ஒன்றுதான். வலை இழுக்கும் நேரம் எப்படி மாறினாலும் தனக்கு ஒத்துவரும் வேளையை அவரே தேர்ந்தெடுக்கட்டும். தவறினால் நினைவு வந்ததும் உட்கொள்ளலாம், ஆனால் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. புறப்படுமுன், எச்.ஐ.வி. மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் பயண நாள்களைச் சொல்லி, மாத்திரைகளைச் சற்றுக் கூடுதலாகவே கேளுங்கள்.

செவிலியர்: அண்ணாச்சி சொன்னதோடு இன்னொன்று. மறைப்பதற்காகத் தாளில் மடித்து எடுத்துச் செல்ல வேண்டாம், ஈரக் காற்றில் மாத்திரை கெட்டுவிடும். இறுக மூடிய டப்பாவிலேயே இருக்கட்டும். வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிர் எடுப்பவர், இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும்.

கடலோரம்: மிக்க நன்றி. அவர் மனைவிக்குத் தொற்று இல்லை. அந்தக் கவலையும் அவரை வாட்டுகிறது.

ஆலோசகர்: அதையே முதலில் பேசுங்கள். தொடர்ந்து மருந்து உட்கொண்டு, பரிசோதனையில் வைரஸ் கண்டறிய இயலாத அளவிலேயே நீடித்தால், உடலுறவின் வழியாகத் தொற்று பரவாது.