நீல விளக்கை அணைச்சுப் பாருங்க: தொட்டியில் பவளம் வளர்க்கிறவங்களின் அனுபவங்கள்

ஈசூன், சிங்கப்பூர்

கடையில் ஊதா. வீட்டுக்கு வந்த மூணாவது வாரம் காப்பித்தூள் நிறம். அக்ரோபோராங்கிற கிளைப் பவளம் வாங்கின எல்லாருக்கும் ஒரு தடவையாவது இது நடந்திருக்கும். நான் பட்டது இது.

வீடு நாலறை வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு, தொட்டி 250 லிட்டர். இந்த வெயிலுக்குத் தண்ணியைக் குளிர வைக்கிற சில்லர் இல்லாம முடியாது, அதனால தண்ணி எப்பவும் 26 டிகிரியில நிற்கும். குழாய்த் தண்ணியில குளோரமின்ங்கிற கிருமிநாசினி இருக்கிறதால கார்பன், ஆர்ஓ, டிஐன்னு மூணு வடிகட்டியும் போட்டிருக்கேன். இதெல்லாம் ஒழுங்கா இருந்தும் நிறம் போச்சு.

முதல்ல கடைக்காரர் மேலதான் கோபம். அப்புறம்தான் புரிஞ்சது. அவர் தொட்டி மேல முழுக்க நீல வெளிச்சம். பவளத்தோட திசுவில இருக்கிற ஒளிரும் புரதம் அந்த நீலத்தை வாங்கிப் பச்சையாவும் சிவப்பாவும் திருப்பித் தரும். பழுப்பு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இப்பல்லாம் வாங்குறதுக்கு முன்னாடி, "அண்ணே, வெள்ளை விளக்கைப் போடுங்க"ன்னு கேட்டுடுவேன். சிலர் முகம் சுளிப்பாங்க. சுளிச்சா சுளிக்கட்டும்.

அந்தப் பழுப்பு, பவளத்துக்குள்ளேயே குடியிருக்கிற நுண்பாசியோட நிறம். தண்ணியில நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடினா பாசி பெருகிப் பவளத்தோட சொந்த நிறத்தை மூடிடும். என் தொட்டியில அப்ப நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராம். சரி, சுத்தம் பண்ணுவோம்னு இறங்கினேன். இரும்பு ஆக்சைடு துகள் போட்டுப் பாஸ்பேட்டை இழுத்தேன், கழிவை நுரையாக்கி எடுக்கிற ஸ்கிம்மரைப் பெருசா மாத்தினேன், தினம் கொஞ்சம் வோட்கா ஊத்தினேன் (தொட்டிக்குத்தான், நைட்ரேட்டைத் தின்கிற பாக்டீரியா பெருகட்டும்னு). மீனுக்குச் சாப்பாட்டையும் பாதியாக்கினேன்.

ரெண்டு மாசத்துல ரெண்டு அளவும் பூஜ்யம். நிறமும் வந்துச்சு! இளநீலம், இளமஞ்சள், அவ்வளவு அழகு. படமெடுத்து ஊரெல்லாம் காட்டினேன். அது ஆரோக்கியம் இல்ல, பட்டினின்னு அப்ப தெரியல. திசு மெலிஞ்சு, உள்ளே இருக்கிற எலும்புக்கூடு தெரிய ஆரம்பிச்சிருந்தது. காரத்தன்மையை வேற 10-ல (டிகேஎச் அலகு) வச்சிருந்தேன். ஊட்டம் இல்லாத தண்ணியில அது ரொம்ப அதிகம். கிளை நுனியெல்லாம் வெள்ளையா கருகிச்சு. அதோட மணல் மேல பழுப்பா, சளி மாதிரி, நடுநடுவுல காத்துக்குமிழ் வச்ச ஒரு படலம். டைனோ (டைனோஃபிளாஜெல்லேட்ங்கிற நுண்ணுயிர்). காலையில உறிஞ்சி எடுத்தா சாயங்காலம் திரும்ப நிற்கும். போட்டிக்கு வேற பாசியோ பாக்டீரியாவோ பிழைக்க முடியாத தண்ணியில அதுக்குக் கொண்டாட்டம்.

அதுக்கப்புறம் செஞ்சதெல்லாம் அப்படியே தலைகீழ். இரும்புத் துகளைத் தூக்கிப் போட்டேன். வோட்காவை நிறுத்தினேன். மீன் ரெண்டு கூடச் சேர்த்து, ஒரு நாளைக்கு மூணு வேளை சாப்பாடு. அதுவும் போதாம பொட்டாசியம் நைட்ரேட் கரைசல் ஊத்தினேன். காசு கொடுத்து வெளியேத்தின நைட்ரேட்டைக் காசு கொடுத்தே திரும்ப உள்ளே விட்டேன். மனைவி இன்னிக்கு வரைக்கும் சொல்லிச் சிரிப்பா. நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05, காரத்தன்மை 8 பக்கம் வந்து நின்னப்புறம் எதையும் தொடல. டைனோ போக ஏழு வாரம். ஊதா திரும்ப நாலு மாசம்.

டொராண்டோ

அண்ணை, உங்கட கதைக்கு எதிர்ப்பக்கம் என்ரது. எனக்குத் தண்ணி சரி, வெளிச்சத்தில பிழைவிட்டனான்.

பழைய டி5 குழல் விளக்குகளைக் கழட்டிப்போட்டு எல்இடி பூட்டினன். கண்ணுக்கு ரெண்டும் ஒரே வெளிச்சம் மாதிரித்தான் தெரிஞ்சது. ஒரு கிழமையில மொண்டிப்போரா எண்ட பவளம் ஒண்டு, செம்மஞ்சளா இருந்தது, சுண்ணாம்பு மாதிரி வெளுத்திட்டுது. சிநேகிதன் ஒருத்தனிட்ட பாசிக்குப் பயன்படுற வெளிச்சத்தை அளக்கிற பார் மீட்டர் இரவல் வாங்கி அளந்து பார்த்தால், முந்தி 200 இருந்த இடத்தில இப்ப 450! நீல எல்இடியின்ர பலத்தை எங்கட கண் குறைச்சுத்தான் காட்டும். பாசிக்கு வெளிச்சம் தாங்கேலாமப் போனால் பவளம் அதை வெளியில தள்ளிவிடும், அதுதான் அந்த வெள்ளை.

விளக்கை 35 வீதத்துக்கு இறக்கி, கிழமைக்கு அஞ்சு வீதமா ஏத்தினன். ஒரு பக்கம் செத்தது செத்ததுதான். மற்றப் பக்கம் வந்திட்டுது.

இன்னொரு விசயம். வெளுத்ததைப் பார்த்துப் பதறிப்போய் அண்டைக்கே தண்ணி மாத்தி, மருந்து ஊத்தி, கல்லை இடம் மாத்தி எல்லாத்தையும் ஒண்டாச் செய்யாதேங்கோ. எது வேலை செய்தது எண்டு பிறகு விளங்காது. அதோட, சோவாந்திட் (பவளத்தின்ர சொந்தக்கார உயிர்) இருக்கிற கல்லுக்குக் கொதிதண்ணி ஊத்திக் கழுவுற ஆக்கள் இருக்கினம். அதில சில வகையில பாலிடாக்சின் எண்ட நஞ்சு இருக்கு, ஆவியைச் சுவாசிச்சு ஆஸ்பத்திரிக்குப் போன ஆக்கள் உண்டு. கையுறையும் கண்ணாடியும் போடாமல் அதைத் தொடவே வேண்டாம்.

சென்னை

ரெண்டு பேரோட தொட்டியையும் பார்த்தா பொறாமையா இருக்கு. நம்ம தொட்டியில மீனும், கல்லு மேல படர்ற ஊதாச் சுண்ணாம்புப் பாசியும்தான். கடினப் பவளம் எல்லாம் இங்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. கடல்ல இருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். "மண்டபம் கடற்கரைச் சரக்கு, தனியா எடுத்து வச்சிருக்கேன், வேணுமா"ன்னு ஒருத்தர் என்கிட்டயே கேட்டார். வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். புதுசா வர்றவங்க ஏமாந்துடாதீங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும். ராமநாதபுரம் பக்கம் கண்ணாடி அடிப் படகுல போய் மன்னார் வளைகுடாப் பவளத்தைப் பார்த்தேன். உங்க படங்களையெல்லாம் பார்த்துட்டுப் போன எனக்கு முதல்ல ஏமாற்றம். முக்கால்வாசி பழுப்பு, மீதி மங்கின பச்சை. படகுக்காரரைக் கேட்டேன், "என்னண்ணே, நிறமே இல்லையே?" அவர் சிரிச்சார். "தம்பி, 2016-ல வெள்ளை வெளேர்னு கெடந்துச்சு. இந்த நெறத்தைப் பார்க்கத்தான நாங்க காத்துக் கெடந்தோம்"னார். கடல் சூட்டுல வெளுத்த வருஷம் அது.

ஈசூன், சிங்கப்பூர்

படகுக்காரர் சொன்னதைப் படிச்சுட்டு எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்தேன். பின்பக்க மூலையில ஒரு அக்ரோபோரா, இன்னும் பழுப்பாவேதான் இருக்கு. ரெண்டு வருஷமா அதை எடுத்துடணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். தொட்டியிலேயே வேகமா வளர்றது அதுதான், டைனோ வந்தப்ப நுனி கருகாத ஒரே கிளையும் அதுதான். சாயங்காலமானா கோமாளி மீன் ரெண்டும் அதுக்குள்ளதான் போய் ஒண்டும்.

டொராண்டோ தம்பி, அந்த 35 வீதத்தை எத்தனை மணி நேரத்துக்கு ஓட்டினீங்க? என் விளக்கும் பழசாயிடுச்சு, அடுத்த மாசம் மாத்தணும்.